பூட்டில் விட்டுப் பார்த்த எண்ணெய்

ராணி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பயிற்சி முகாமில் உனக்குப் பின்னால் போனுக்கு வரிசை நிற்கிறது என்கிறாய். அப்பா பேச்சை எடுத்தால் "வைக்கிறேம்மா" என்கிறாய். நான் சொல்ல வந்ததோ பாதியில் வைத்துவிடக் கூடாத விஷயம். அதனால் வியாபாரம் இல்லாத மத்தியானமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் சாத்தாங்காடு ரோட்டையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது நகரும்வரை யாரும் கம்பி வாங்க வரப்போவதில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கை வலிக்கிறது. இப்போதெல்லாம் எதுதான் வலிக்கவில்லை, அதை விடு.

சென்ட்ரலில் நீ செய்ததை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. துப்பாக்கிப் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, லைசென்ஸ் பேப்பரெல்லாம் சரிபார்த்த பிறகு, ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் ஜன்னல் வழியாக அப்பாவின் போட்டோவைக் கொடுத்தேன். லைசென்ஸுக்காக எடுத்ததில் மிச்சமிருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. தராசில் எடை குறைகிறதா என்று பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டிருப்பாரே, அதே போட்டோதான். நீ வாங்கிப் பார்த்தாய். பிறகு என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மடக்கிவிட்டாய். "வேண்டாம்மா. அப்பா பின்னால நின்னா எனக்குக் கை வராது. அவர் போனப்புறம்தானே துப்பாக்கியே ஒழுங்கா சுடுது" என்றாய். சொல்லும்போதே உனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரயில் நகர்ந்துவிட்டது. தண்டையார்பேட்டைவரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், சீட் காலியானதுகூடத் தெரியவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் இருந்தது. அப்பனைப் பற்றி எப்படியெல்லாம் பேசுகிறாள் பார் என்று தோன்றியது. ஆனால் நீ சொன்னதில் கணக்கு சரியாக இருந்ததே, அதுதான் என்னை வாட்டியது. அவர் இருந்த வருஷமெல்லாம் போட்டியில் துப்பாக்கி மக்கர் செய்தது. அவர் இல்லாத இந்த ஒரு குளிர்காலத்தில் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. நீ தேர்வானாய், முகாமுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். இதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நீ நினைத்ததைத்தான் நினைப்பார்கள். நானே ரெண்டு நாள் நினைத்தேன், ராணி. அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது, "ஏங்க, நீங்க நின்னதுதான் பிள்ளைக்கு பாரமா போச்சா?" என்றுகூடக் கேட்டேன். அவர் வழக்கம்போல முறைத்தார்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், எனக்குக் கோவையாகச் சொன்னால்தான் வரும். நீ காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து குறி தவறாமல் சுடுகிறாய் என்று ஒரு கோப்பையைக் கொண்டுவந்தபோது நான் அதில் ஊதுபத்தி செருகி வைத்தேன். அப்பா அப்படி இல்லை. தலைகால் புரியாமல் ஆடினார். இரும்பு விற்பவன் மகள் இரும்பைப் பிடித்தே பேர் வாங்குகிறாள் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று நான் கேட்டதற்கு, "ஏ புள்ள, நீ கடையில ரவுடிப்பயல்கள வெரட்டுறியே, அது மட்டும் எதுக்கு?" என்றார். மண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடுகிற அந்த விளையாட்டுக்கு என்று, யாரோ ஒரு எஸ்டேட்காரர் விற்ற பழைய துப்பாக்கியை வாங்கினார். உனக்கு அப்போது வயசு பத்தாது என்று லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிவர அவர் அலைந்த அலைச்சலை நீ பார்த்திருக்கிறாய். அலுத்துக்கொண்டே இருப்பார், ஆனால் போகாமல் இருக்க மாட்டார்.

அந்தத் துப்பாக்கியின் உள்விவரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்பேர்க்காரர் சொன்னதுதான். மேலும் கீழுமாக இரண்டு குழல், இழுக்க ஒரே டிரிக்கர். முதல் இழுப்பில் ஒரு குழல் வெடிக்கும். அந்த உதையில், உள்ளே இருக்கிற சுண்டுவிரல் அளவு இரும்புக் கட்டி ஒன்று ஆடிக் கொடுத்து, டிரிக்கரை அடுத்த குழலுக்கு மாற்றிவிடும். பிறகு இரண்டாவது இழுப்பு. முதல் குண்டு தப்பினாலும் தட்டு விழுவதற்குள் இரண்டாவது குண்டில் உடைத்துவிடலாம். அந்தக் கட்டி சோம்பேறித்தனமாக ஆடினால், டிரிக்கர் மாறாது. நீ இழுப்பாய், அது செத்த பல்லி மாதிரி கிடக்கும். தட்டு போய் மண்ணில் விழும்.

முதல் டிசம்பர் போட்டிக்கு நானும் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? விடியற்காலையில் கிளம்பிப் போனோம், மைதானத்தில் புல்லெல்லாம் பனியாக இருந்தது. நீ ஒரு ஸ்வெட்டர் போட்டு அதன்மேல் அந்தப் பை வைத்த சட்டையைப் போட்டிருந்தாய். ஆரம்பத்திலேயே முதல் குண்டு தப்பியது, இரண்டாவது வரவில்லை. நீ துப்பாக்கியைத் திறக்காமல், குழலை எதிர்ப்பக்கமே வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கினாய். ஒரு அதிகாரி வந்து வாங்கி, மிச்சத் தோட்டாவை எடுத்துவிட்டு மூடினார். பின்பக்கத்தை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார், இழுத்தார். டிக் என்றது. "துப்பாக்கி நல்லாத்தாம்மா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டு தப்பியதாக எழுதச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. பிறகு வெயில் ஏறியது, நீயும் நிறைய சுட்டுச் சுட்டுத் துப்பாக்கியும் சூடாகியது. அதற்கப்புறம் ஒரு கோளாறும் இல்லை. உன் கோச் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆரம்பப் பதட்டம் சார். விரலை முழுசா விடாம மறுபடி இழுக்குறா. போகப் போக அடங்கிடும்" என்றார். நீ ரெண்டடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது எண்ணூர் ரோட்டில் லாரி வரிசையில் வேன் நின்றுவிட்டது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி, தூசு விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாய். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு முன்னால் இருந்த லாரியின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நீ என்னவாக எடுத்துக்கொண்டாய் என்று எனக்கு இப்போது புரிகிறது. கோச் சொன்னதை நம்பிவிட்டார், மகள் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அவர் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "அவ கையில ஒண்ணும் இல்ல புள்ள. அந்தக் கோச்சுக்கு என்ன தெரியும்? இரும்புலதான் என்னமோ கெடக்கு" என்றார். இதை அப்போதே உன் காதில் போட்டிருக்கலாம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அந்த அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் அதே பாட்டுதான். வெயில் காலத்தில் ஒரு குறையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா உன்னைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார், ஒரு தடவைகூட டிரிக்கர் சண்டித்தனம் செய்யாது. டிசம்பர், ஜனவரி போட்டியில், அதுவும் காலையில், அதுவும் ஆரம்பத்தில், செத்துக் கிடக்கும். தோட்டாவை மாற்றினாய். கனமான தோட்டா வாங்கினால் உதை கூடும் என்றார்கள், வாங்கினார். தோளில் அழுத்திப் பிடிக்கவில்லை என்றார்கள், தோள் கருத்துப் போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தாய். உனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டாவை நடுவில் செருகி, குழல் தலை குனிகிறதா, பயத்தில் உடம்பு சிலிர்க்கிறதா என்று கோச் பார்த்தார். குழல் அசையக்கூட இல்லை. அதைச் சொல்லி உன்னைப் பாராட்டியிருக்க வேண்டும். அவரோ, "பயிற்சியில வராத பயம் போட்டியில வருது" என்று முடித்துவிட்டார். கோடையில் சீசன் முடிந்ததும் ரிப்பேர்க்காரர் முழுக்கப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, அந்தக் கொதிக்கிற தகரக் கூரைக்கடையில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்ப்பார். வேலைக்காரர்தான், குறை சொல்ல முடியாது. அவரிடம் போன நேரத்தில் அதற்கு நோய் இல்லை, அவர் என்ன செய்வார்?

ஆகக் கடைசியில் பழி எங்கே வந்து விழுந்தது என்றால், போட்டியில் மட்டும் யார் உன் பின்னால் கயிற்றுக்கு அந்தப்பக்கம் வெள்ளைச் சட்டையில் நிற்கிறாரோ அவர்மேல். அப்பாவின் கடைசி டிசம்பரில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாயே, "அப்பா, இந்தத் தடவை நீங்க வராதீங்க" என்று. அவர் கையில் எடுத்த உருண்டையை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, "சரி தாயி" என்றார். அவ்வளவுதான். ஆனால் வந்தார். கடை வேனை மைதானத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன், என்னையும் திட்டிக்கொள். அன்றைக்குத்தான் துப்பாக்கி இதுவரை இல்லாத அளவுக்குப் படுத்தியது. சத்தம் கேட்டுக் கேட்டே அவருக்குத் தெரிந்திருக்கும், ஒரு குண்டு, பிறகு ஒன்றுமில்லை என்று. வெளியே வந்த நீ வேனைப் பார்த்துவிட்டாய். கோடையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவரை, நீங்கள் இரண்டு பேரும் சாப்பாடு, பஸ், மழை எல்லாம் பேசினீர்கள். துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். சிரிக்காதே.

நீ ரயிலேறிப் போன அதே வாரம், தை பிறந்தும் குளிர் விடாத ஒரு காலை. நம் ஏழுமலையை உனக்குத் தெரியும், வியாசர்பாடியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து தினமும் குடோனைத் திறப்பவர். அன்றைக்கு அவருக்கு முன்னாலேயே நான் வந்துவிட்டேன். அவர் சாவியைப் போட்டார், பூட்டு சட்டென்று திறந்தது. அவர் அதையே கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாயமோ தெர்லம்மா. வருசா வருசம் மார்கழி வந்தா இந்தப் பூட்டு ஒரே பேஜாரு. காலைல சாவி திரும்பவே திரும்பாது. பீடி பத்த வைக்கிற தீக்குச்சிய அதுங்கிட்ட காட்டிகினு நிப்பேன். இந்த வருசம் ஒரு நாள்கூட மொறைக்கல. மொதலாளி போனதும் இதுவும் அடங்கிப்பூட்ச்சு, பாத்தியா?"

நீ ரயிலில் சொன்ன அதே வார்த்தையை இந்த மனுஷன் பூட்டுக்குச் சொல்கிறார். உனக்காவது அப்பாவைக் கண்டு பயம் என்று வைத்துக்கொள்ளலாம். பூட்டுக்கு என்ன பயம்?

"தீக்குச்சி காட்டினா தொறந்துக்குமா?" என்று கேட்டேன்.

"சூடு பட்டா தொறந்துக்கும். பத்து மணி வெயில்லயும் தானா தொறந்துக்கும். மொதலாளியாண்ட சொன்னா, 'அடுத்த பூஜைக்கு இன்னும் நல்லா எண்ணெய் வுடுறேன்டா'ன்னுவாரு. இந்த வருசம்தான் பூஜையே போடலியே."

நான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் வந்திருந்தேன். காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாய் உறைந்து கிடந்தது. வழக்கம்போல ஜன்னல் ஓரம் வெயிலில் உருகட்டும் என்று வைத்துவிட்டு வந்திருந்தேன். அங்கேயே, குடோன் வாசலில் கிடந்த இரும்பு ஆங்கிள் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை சோடா வாங்க ஓடினார்.

ஆயுத பூஜையன்றைக்கு அப்பா என்ன செய்வார் என்று நினைத்துப் பார். கடையைக் கழுவிவிட்டு, தராசு, கட்டிங் மெஷின், சுத்தியல், ஸ்பேனர், பூட்டு சாவி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைப்பார். நடுவில் புதுத் துண்டை விரித்து உன் துப்பாக்கி. அன்றைக்கு மட்டும் மெஷின் ஆயில் கிட்டேயே வரக்கூடாது. "சாமிக்கு வைக்கிறதுல கழிவு எண்ணெயா?" என்பார். ஊரிலிருந்து வரும் செக்கெண்ணெய், நாம் அரிவாள்மணையில் துரு ஏறாமல் தடவுகிறோமே அதே தேங்காய் எண்ணெய், அதை லேசாகச் சூடு காட்டி, இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, பூட்டு ஓட்டையில், மெஷினில் எல்லாம் விடுவார். உன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, டிரிக்கர் இடுக்கில், உள்ளே இறங்கும்வரை பார்த்துப் பார்த்துச் சொட்டுவார். சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்துவிட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அடுத்து வருவது மழை. அதற்கடுத்து மார்கழி. எண்ணெய் பாட்டிலில் உறைவது துப்பாக்கிக்குள்ளும் உறையத்தானே செய்யும்! அந்தச் சின்னக் கட்டி அதில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் கிடந்திருக்கிறது. வெயில் ஏறினால், சுட்டுச் சூடானால், உருகி வழிவிட்டிருக்கிறது. கோடையில் ரிப்பேர்க்காரர் கழுவி விடுவார். ஐப்பசிக்கு முன்னால் அப்பா மறுபடி விடுவார்.

அதிலும் ஒன்று கேள். ஒவ்வொரு வருஷமும் போட்டியில் நீ அடி வாங்கி வந்ததும், அடுத்த பூஜையில் "போன தடவ பத்தல போலிருக்கு" என்று இன்னும் ரெண்டு ஃபில்லர் அதிகமாக விடுவார். நான் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். கடைசி வருஷம் துண்டெல்லாம் எண்ணெயாகும் அளவுக்கு விட்டார். கடைசி வருஷம்தான் உனக்கு மிக மோசமாகப் போனது. அவர் இறந்த பிறகு, லைசென்ஸ் பேர் மாறும்வரை அதைத் துப்பாக்கி விற்கிற கடையில் ஒப்படைத்திருந்தோமே, அவர்கள் நன்றாகக் கழுவித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது, பூஜை போடவில்லை. துப்பாக்கிக்கும் எண்ணெய் இல்லை, பூட்டுக்கும் இல்லை. அதனால்தான் இரண்டும் ஒழுங்காக இருந்தன.

நினைத்ததை நம்பிவிட எனக்கு மனசு வரவில்லை. நம் வீட்டில் நினைத்ததை நம்பியே எல்லாரும் கெட்டோம். அன்று சாயங்காலமே குடோன் பூட்டில் செக்கெண்ணெயைச் சூடு காட்டி விட்டேன். பக்கத்து ஷெட் பூட்டில் மெஷின் ஆயில் விட்டேன். ஏழுமலை, "இன்னாம்மா, பூட்டுக்கு வைத்தியம் பாக்குறியா? தலைக்குத் தேய்ச்சா பொடுகாவது போவும்" என்று சிரித்தார். மறுநாள் விடிந்ததும் போனேன். ஷெட் பூட்டு திறந்தது. குடோன் பூட்டில் சாவி பாதியில் நின்றுவிட்டது. நான் எதுவும் செய்யாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தேன். லோடு ஏற்ற வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் மெல்லக் கதவுக்கு வந்து, பூட்டின்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, விரலால் சாவியைத் திருப்பினேன். திறந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. எல்லாரும் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதேன் ராணி. அவர் போனபோது உறவுக்காரர்களுக்குக் காபி கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது, இப்படி அழவில்லை.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். எழுதினால் என்ன ஆகும்? அவர் பார்வையால் கெட்டது என்று இருந்தாய், இப்போது அவர் எண்ணெயால் கெட்டது என்று ஆகும். எப்படியும் அவர்தானே என்று நீ கேட்கலாம். ஆமாம், அவர்தான். அத்தனை போட்டியும் அவரால்தான் போனது, நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றதால் உன் கை நடுங்கவில்லை. உன் கை ஒருநாளும் நடுங்கவில்லை. கோச் சொன்ன பயம் உன்னிடம் இல்லவே இல்லை, அத்தனை வருஷம் இல்லாத பயத்துக்கு நீ மருந்து தேடியிருக்கிறாய். அதை முதன்முதலில் சரியாகச் சொன்னவர் அந்த மனுஷன்தான். இரும்பில்தான் கோளாறு என்றார். அந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். பாவி மனுஷன், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. கடையை இன்னும் எத்தனை நாள் இழுப்பேன் என்று தெரியவில்லை. காற்றில் உப்பு, கம்பியில் துரு, முழங்காலில் வாதம், மாறி மாறி இதே பொழுது. நீ என்னைப் பார்க்க ஓடி வர வேண்டாம். உன் வேலையைப் பார். அங்கே குளிர் இங்கே மாதிரி ஜன்னலோடு நிற்காதாம், எலும்புக்குள் போகுமாம். அதனால் துப்பாக்கிக்குள் அதற்கென்று விற்கிற எண்ணெயைத் தவிர எதையும் விடாதே, அதையும் கொஞ்சமாக விடு. யாராவது பெரிய மனுஷர் அன்பாக ஏதாவது தடவ வந்தால் கையைப் பிடித்துக்கொள். எப்போதாவது மறுபடி டிரிக்கர் செத்துக் கிடந்தால் அவசரப்பட்டுத் திறந்துவிடாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நில், வருகிறவர் வந்து பார்க்கட்டும். அன்றைக்குக் காலையில் வெயில் இருந்ததா, பனி இருந்ததா என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள். புரட்டாசியில் பூஜை வரும். இந்த வருஷம் இங்கே நான் போடுவேன். நீ அங்கே உன் அறையில் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு பொட்டுச் சந்தனம், ஒரு பொட்டுக் குங்குமம் வை, போதும். எண்ணெயைத் தலையில் வைத்துக்கொள். போனில் உன் குரலே காய்ந்துபோன மாதிரி இருக்கிறது.

கன்டெய்னர் லாரி ஒருவழியாகத் திரும்பிவிட்டது. வாசலில் ஆள் வந்து நிற்கிறது, முடிக்கிறேன்.

போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்க ஜன்னலுக்கு வெளியே நான் இல்லை. பெட்டியில் எங்காவது போட்டு வை. நீ சுடும்போது பின்னால் அவர் நிற்கிற மாதிரித் தோன்றினால் திரும்பிப் பார்க்காதே, துரத்தவும் துரத்தாதே. பாவம், நிற்கட்டும். அவர் நிற்பதற்கும் டிரிக்கருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பூட்டில் விட்டுப் பார்த்துவிட்டேன்.

அம்மா